குழந்தைக்கு பிபி அதிகம் என்றார்களா? முதலில் கஃப்பைப் பாருங்கள்

பிபி என்றாலே தாத்தா பாட்டி சமாச்சாரம் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் காய்ச்சலுக்காகவோ பல் வலிக்காகவோ கூட்டிக்கொண்டு போன எட்டு வயதுப் பிள்ளையின் கையில் நர்ஸ் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு "பிபி கொஞ்சம் அதிகமா இருக்கே" என்று சொன்னால், வீட்டில் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். "சின்னப் பிள்ளைக்கு ஏது பிபி, மெஷின் ரிப்பேரா இருக்கும்" என்று அப்படியே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் அன்று ராத்திரியே உப்பில்லாத கஞ்சி. ரெண்டும் வேண்டாம். குழந்தைகளுக்கும் ரத்த அழுத்தம் வரும், ஆனால் பெரியவர்களுக்குப் போடுகிற கணக்கு அவர்களுக்கு ஒத்துவராது. அளந்த விதம் சரியா, அந்த வயதுக்கும் உயரத்துக்கும் அது அதிகம்தானா, அதிகம் என்றால் ஏன், இந்த மூன்றையும் இதே வரிசையில் கேட்டுக்கொண்டு போனால் போதும். பெரும்பாலான குழப்பம் முதல் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

அளப்பதில்தான் பாதி விஷயம்

இப்போது நிறைய வீடுகளில் பெரியவர்களுக்காக வாங்கிய பிபி மெஷின் இருக்கிறது. அதை எடுத்துப் பேரப்பிள்ளைக்கும் ஒரு தடவை கட்டிப் பார்க்கிறார்கள். அந்த மெஷினோடு வரும் கஃப்பின், அதாவது கையில் சுற்றுகிற பட்டையின், ஓரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் என்று அச்சடித்திருக்கும். அது கையின் சுற்றளவு. தோள்பட்டை எலும்பின் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில், தையல் டேப்பைச் சுற்றி அளந்தால் ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் 20 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். கஃப் பெரிதாக இருந்தால் அளவு குறைத்துக் காட்டும், அதாவது உண்மையில் அழுத்தம் இருக்கிற பிள்ளைக்கும் "நார்மல்" என்று வந்துவிடும். கஃப் சின்னதாக இருந்தால் அதற்கு நேர்மாறு. பருமனான பதிமூன்று வயதுப் பையனுக்குக் குழந்தைகள் கஃப்பைப் போட்டு இறுக்கினால் இல்லாத பிபி வந்து நிற்கும், அவனுக்குப் பெரியவர்கள் கஃப், சில நேரம் அதைவிடப் பெரியதே வேண்டியிருக்கும். கஃப்புக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 முதல் 100 சதவீதம் வரை சுற்றி வர வேண்டும், அதன் அகலம் சுற்றளவில் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆஸ்பத்திரியில் "இது இவன் சைஸ் கஃப்தானே சிஸ்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

அப்புறம் உட்காரும் விதம். ஓடி வந்த பிள்ளையை, அழுதுகொண்டிருக்கிற பிள்ளையை, ஊசி போடப்போகிறார்கள் என்று மிரண்டு நிற்கிற பிள்ளையை அளந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கால் தொங்கக் கூடாது, தரையிலோ ஒரு முக்காலியிலோ பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது. கை நெஞ்சு மட்டத்தில் ஏதாவது ஒன்றின் மேல் கிடக்க வேண்டும். அளக்கும்போது பிள்ளையும் பேசக் கூடாது, பக்கத்தில் நின்று "பயப்படாதடா, ஒண்ணுமில்லடா" என்று நாமும் பேசிக்கொண்டே இருக்கக் கூடாது.

வலது கையில்தான் பார்க்க வேண்டும், சட்டைக்கு மேலே கட்டக் கூடாது. ஏன் வலது கை என்றால், எவ்வளவு இருந்தால் அதிகம் என்று டாக்டர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டவணைகள் எல்லாம் வலது கை அளவை வைத்துப் போட்டவை. தவிர, பெருந்தமனியில், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயில், பிறவியிலேயே சுருக்கம் இருக்கிற பிள்ளைகளுக்கு இடது கையில் அழுத்தம் குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடலாம்.

முதல் ரீடிங் அதிகமாக வந்தால் அதே இடத்தில் இன்னும் இரண்டு தடவை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். தானியங்கி மெஷின் அதிகம் காட்டினால், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கையால் காற்றடித்துப் பார்க்கும் பழைய முறையில் உறுதி செய்ய வேண்டும். மணிக்கட்டில் கட்டுகிற மெஷின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு என்றால் அதிகம்?

120/80 நார்மல் என்பது பெரியவர்கள் கணக்கு. ஆறு வயதுப் பையனுக்கு 120/80 என்றால் அது நார்மலே இல்லை. குழந்தை வளர வளர அழுத்தமும் ஏறும், ஒரே வயதில் உயரமான பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அதனால் ஒரே ஒரு எண்ணைச் சொல்லி முடித்துவிட முடியாது. அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில் வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பிரித்து, சரியான எடையுள்ள சுமார் 50,000 குழந்தைகளின் அளவுகளை வைத்துப் போட்ட அட்டவணை இருக்கிறது. அதே வயதும் உயரமும் உள்ள நூறு பிள்ளைகளை அழுத்தத்தின் வரிசையில் நிறுத்தினால் 90-வது இடத்துக்குக் கீழே இருப்பது நார்மல். 90-க்கும் 95-க்கும் நடுவில் இருந்தால் கொஞ்சம் ஏறியிருக்கிறது. 95-லும் அதற்கு மேலும் இருந்தால் முதல் நிலை உயர் அழுத்தம், 95-வது இடத்துக்குரிய அளவையும் தாண்டி 12 புள்ளி ஏறியிருந்தால் இரண்டாம் நிலை.

அந்தப் பெரிய அட்டவணையை நாம் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். சட்டென்று சலித்துப் பார்ப்பதற்கு அதே வழிகாட்டியில் ஒரு சின்னப் பட்டியல் உண்டு, அதிலிருந்து சில வயதுகள்:

3 வயது: பையன் 101/58, பெண் 102/60
5 வயது: பையன் 103/63, பெண் 104/64
6 வயது: பையன் 105/66, பெண் 105/67
8 வயது: இருவருக்கும் 107/69
10 வயது: பையன் 108/72, பெண் 109/72
12 வயது: பையன் 113/75, பெண் 114/75
13 வயதும் அதற்கு மேலும்: இருவருக்கும் 120/80

மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று இதை எட்டினாலே டாக்டர் முழு அட்டவணையை எடுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் இதற்கு அர்த்தம், நோய் இருக்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். இது குள்ளமான பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்ட பட்டியல், உயரமான பிள்ளை இதைவிட நாலைந்து கூடுதலாக இருந்தும் நார்மலாக இருக்கலாம். 13 வயதுக்கு மேல் கணக்கு எளிது: 130/80-லிருந்து முதல் நிலை, 140/90-லிருந்து இரண்டாம் நிலை. ஐரோப்பிய வழிகாட்டியில் பெரியவர்கள் கணக்கு 16 வயதில்தான் தொடங்குகிறது, அதனால் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் தப்பு என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஒரே நாளில் பார்த்து "உங்க பிள்ளைக்கு பிபி" என்று யாரும் முத்திரை குத்தக் கூடாது. வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை பார்த்து மூன்றிலும் அதிகமாக இருந்தால்தான் அந்தப் பெயர். லேசாக ஏறியிருந்தால் சாப்பாடு, விளையாட்டு இரண்டையும் சரிசெய்துவிட்டு ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள். முதல் நிலை என்றால் ஒன்று இரண்டு வாரத்தில், அப்போதும் அப்படியே இருந்தால் மூன்று மாதத்தில். இரண்டாம் நிலை என்றால் ஒரு வாரத்துக்குள் திரும்பப் பார்க்க வேண்டும், அல்லது அப்போதே சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே அழுத்தம் ஏறிவிடும் பிள்ளைகள் ஏராளம். வீட்டில் சரியாக இருக்கும், வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் எகிறும். இதைப் பிரித்தறிய 24 மணி நேரம் கையில் கட்டியே விடுகிற மெஷின் இருக்கிறது, ஐந்து வயதுக்கு மேல் செய்யலாம். தூங்கும்போது அழுத்தம் இறங்குகிறதா என்பதையும் அது காட்டிவிடும். பொதுவாக ராத்திரியில் 10 சதவீதமாவது இறங்கும், இறங்காமல் அப்படியே நின்றால் உள்ளே ஏதோ காரணம் இருக்கிறதோ என்று தேடுவார்கள். மாத்திரை ஆரம்பிக்கும் முன்னால் "இந்த டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா டாக்டர்?" என்று நீங்களே கேட்கலாம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

வலிப்பு, வாந்தியோடு கடுமையான தலைவலி, பார்வை மங்குவது, தூக்கக் கலக்கம் போல் மந்தமாகிப் பேச்சு குழறுவது, மூச்சு வாங்குவது, முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வது. இவற்றில் ஒன்றோடு பிபியும் அதிகம் என்றால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். 13 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 180/120-ஐத் தாண்டினால் அறிகுறியே இல்லாவிட்டாலும் அப்படித்தான். வீட்டில் இருக்கிறதே என்று தாத்தாவின் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பது, நாக்குக்கு அடியில் வைப்பது, இதெல்லாம் கூடவே கூடாது. ரொம்ப உயர்ந்த அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கினால் மூளைக்கு ரத்தம் குறைந்து ஆபத்தாகும், ஆஸ்பத்திரியிலேயே மணிக்கணக்கில் மெதுவாகத்தான் இறக்குவார்கள்.

ஏன் ஏறியது?

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான கேள்வி, ஆனால் இதைத்தான் பலரும் கேட்பதில்லை. பெரியவருக்கு பிபி என்றால் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம், நாலு வயதுப் பிள்ளைக்கு அப்படி விட முடியாது. பிள்ளை எவ்வளவு சின்னதோ, அழுத்தம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குக் காரணம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது சிறுநீரகத்தை.

நம் ஊரில் கண்ணுக்கு எதிரே நடப்பது சிரங்குக் கதை. சொறி வந்து, சொறிந்து சொறிந்து புண்ணாகி, சீழ் வைத்து ஆறிவிடும். மூன்றிலிருந்து ஆறு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் பிள்ளையின் முகம், கண் இமை எல்லாம் உப்பியிருக்கும், சிறுநீர் கட்டன் டீ நிறத்தில், கோலா நிறத்தில் போகும், அளவும் குறையும். தொண்டை வலியிலிருந்து வந்தால் ஒன்று இரண்டு வாரத்திலேயே வந்துவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமிக்கு எதிராக உடம்பு கிளப்பிய சண்டையில் சிறுநீரக வடிகட்டிகள் வீங்குவதால் வருவது இது. உப்பும் தண்ணீரும் வெளியே போகாமல் தங்கி, பிபி மளமளவென்று ஏறிவிடும், சில பிள்ளைகள் வலிப்போடுதான் ஆஸ்பத்திரிக்கே வருவார்கள். முகம் உப்பினால் அலர்ஜி என்று செட்ரிசின் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஒரு தடவை சிறுநீரின் நிறத்தையும் பார்த்துவிட்டால் நல்லது. நல்ல செய்தி என்னவென்றால், நேரத்தோடு பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சில வாரங்களில் முழுசாகச் சரியாகிவிடும், பிபி மாத்திரையும் அதோடு நின்றுவிடும்.

இன்னொன்று, கைக்குழந்தையாக இருந்தபோது காரணம் தெரியாமல் அடிக்கடி வந்த காய்ச்சல். அது சிறுநீர்த் தொற்றாக இருந்து, யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) செய்யாமல் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து அடங்கியிருந்தால், சிறுநீரகத்தில் தழும்பு விழுந்து பல வருஷம் கழித்து பிபியாக வெளியே வரலாம். குறைமாதத்தில் பிறந்து என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்த குழந்தைகளையும் கவனிக்க வேண்டும். ஆரோக்கியமான பிள்ளைக்கு மூன்று வயதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை பிபி பார்த்தால் போதும், 32 வாரத்துக்கு முன்னால் பிறந்தவர்கள், இதயக் கோளாறு அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இவர்களுக்கெல்லாம் மூன்று வயதுக்கு முன்பே பார்க்க வேண்டும். தொப்புள் வழியாக டியூப் போட்டிருந்தார்களா என்பதும் டாக்டருக்குத் தேவைப்படும். அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பெருந்தமனிச் சுருக்கம் பற்றி மேலே சொன்னேன். காலில் அழுத்தம் கையைவிட 10 முதல் 20 வரை கூடுதலாக இருப்பதுதான் இயல்பு, காலில் குறைவாக இருந்தாலோ தொடை இடுக்கில் நாடி சரியாகக் கிடைக்காவிட்டாலோ உடனே எக்கோ, அதாவது இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுப்பார்கள். பிபி அதிகம் என்று தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் ஒரு தடவையாவது காலிலும் பார்த்திருக்க வேண்டும். இந்தியாவில் டாக்கயாசு என்ற ரத்தக்குழாய் அழற்சியையும் மறக்கக் கூடாது. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளிடம் அதிகம் காண்பது, இரண்டு கைகளிலும் அழுத்தம் வெவ்வேறாக இருக்கும், ஒரு கையில் நாடியே அகப்படாமல் போகலாம். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயை அது சுருக்கிவிடும்போது பிபி ஏறுகிறது.

மருந்துகளும் ஏற்றும். ஸ்டீராய்டு மாத்திரை, மூக்கடைப்புக்கான ஃபினைல்எஃப்ரின் கலந்த சளி சிரப், ஐபுபுரூஃபென், கவனக்குறைவுக்குக் கொடுக்கிற மெத்தில்ஃபெனிடேட், கருத்தடை மாத்திரை. நம் வீட்டு அதிமதுரமும் அப்படித்தான். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்கு இரண்டு நாள் ஒரு சிட்டிகை தேனில் குழைத்துக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, உடம்புக்கு நல்லதாச்சே என்று தினமும் கொடுத்தால் அது உடம்பில் உப்பைத் தங்க வைத்துப் பொட்டாசியத்தைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றும். டாக்டரிடம் மருந்துப் பட்டியல் சொல்லும்போது கஷாயம், சூரணம், எனர்ஜி டிரிங்க் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ராத்திரி பலமாகக் குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்று திணறுகிற பிள்ளைக்கு டான்சில், அடினாய்டு வீக்கம்கூடக் காரணமாகலாம்.

ஆறு வயதுக்கு மேல், எடை அதிகம், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பிபி உண்டு, வேறு எந்த அறிகுறியும் இல்லை என்றால் அது பெரும்பாலும் எடையோடும் பரம்பரையோடும் வந்தது. இவர்களுக்கு ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. சிறுநீர், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட்), சோடியம் பொட்டாசியம், கொழுப்பு, எடைக்காகச் சர்க்கரையும் கல்லீரல் டெஸ்டும், இவ்வளவு போதும். சிறுநீரக அல்ட்ராசவுண்ட் முக்கியமாக ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், சிறுநீரிலோ கிரியாட்டினினிலோ கோளாறு தெரிகிறவர்களுக்கும்தான். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான சிறுநீரகப் பிரிவே இருக்கிறது, தனியாரில் ஒரு கட்டு டெஸ்ட் எழுதிக் கொடுத்துத் திகைத்து நிற்பவர்கள் அங்கே ஒரு தடவை காட்டிவிடலாம்.

சாப்பாட்டில் என்ன செய்வது

பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் அப்பளம் பொரித்து வைத்தால் கணக்கு சரியாகாது. அப்பளத்தில் உப்பு மட்டுமில்லை, அப்பளக்காரமும் சோடியம்தான். ஊறுகாய், மோர் மிளகாய், வடகம், கருவாடு, சிப்ஸ், நூடுல்ஸோடு வரும் மசாலா பாக்கெட், பேக்கரி பஃப்ஸ், சோயா சாஸ் ஊற்றிய ஃப்ரைட் ரைஸ், முதலில் கை வைக்க வேண்டியது இதில்தான். பாக்கெட்டில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வந்துவிடும்: 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதி அடையாதீர்கள், அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். குறைந்த சோடியம் உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து. இளநீரும் வாழைப்பழமும் அதே கணக்குதான், சிறுநீரகம் நன்றாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

வளர்கிற பிள்ளையைப் பட்டினி போட்டு இளைக்க வைக்க வேண்டாம். எடை ஏறாமல் பார்த்துக்கொண்டாலே பல பிள்ளைகளுக்கு உயரம் வந்து சரிசெய்துவிடும். வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வியர்க்க விளையாட வேண்டும், டியூஷனுக்கு நடந்து போவதை இதில் சேர்க்காதீர்கள். அவனுக்கு மட்டும் தனித் தட்டு, மற்றவர்களுக்கு அப்பளம் என்று வைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. கீரை, காய், பருப்பு, பழம் என்று வீடு முழுக்க ஒரே சாப்பாடாக இருக்கட்டும்.

மாத்திரை என்றால்

இரண்டாம் நிலை, அறிகுறிகள், சிறுநீரகக் காரணம், சர்க்கரை நோய், எக்கோவில் இதயத் தசை தடித்திருப்பது, அல்லது ஆறு மாதம் முயன்றும் இறங்காதது, இப்படி இருந்தால் மாத்திரை ஆரம்பிப்பார்கள். பயப்பட வேண்டாம், ஆயுளுக்கும் போட வேண்டும் என்ற கட்டாயமும் எல்லோருக்கும் இல்லை, காரணம் போனால் மாத்திரையும் போகும். ஆனால் பிபி நார்மலாகிவிட்டதே என்று நாமாக நிறுத்தக் கூடாது. அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை போட்டால் கால் லேசாக வீங்கலாம், ஈறு தடிக்கலாம், அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். எனலாப்ரில் வகை பிபி மாத்திரை கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும், வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்கு எழுதும்போது இதை டாக்டர் வெளிப்படையாகப் பேச வேண்டும், பேசாவிட்டால் சங்கடப்படாமல் நீங்கள் கேளுங்கள். அந்த மாத்திரை போடுகிற பிள்ளைக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் சட்டென்று அடிபடும். அன்றைக்கு மாத்திரை கொடுக்கலாமா என்று முதலில் போன் போட்டுக் கேளுங்கள், ஓஆர்எஸ்ஸில் உப்பு இருக்கிறதே என்று அதைக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

பள்ளியில் பிடி வகுப்பிலிருந்து விலக்கு கேட்டு லெட்டர் வாங்க வேண்டியதில்லை, ஓடலாம், நீந்தலாம், கபடி ஆடலாம். இரண்டாம் நிலையில் இருக்கிறவர்கள் மட்டும் அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை பளுதூக்குவதையும் போட்டி ஆட்டங்களையும் தள்ளி வைக்க வேண்டும்.